ராத்திரி யூனிட் 8 பென்ஸ் என்றவுடன் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: வணக்கம் அண்ணா. நாங்கள் இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸில் இருக்கிறோம். சமீபத்தில் 2018 மாடல் நிசான் லீஃப் கார், 40 யூனிட் பேட்டரி உள்ளது, செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். வீட்டை வாங்கும்போதே வெளிச்சுவரில் 7 கிலோவாட் சார்ஜர் ஒன்று இருந்தது. அதற்கு ஆப், வைஃபை எதுவும் கிடையாது, சொருகினால் ஏறும். கணவர் நர்ஸ், வாரத்துக்கு மூன்று நைட் டூட்டி, பெரும்பாலும் அடுத்தடுத்த நாட்களில் வரும். ஆஸ்பத்திரி போய் வர 44 மைல். எல்லாம் சேர்த்து வருடம் 9,000 மைல் ஓடும். கார் வருவதற்கு முன்பு வீட்டுக்கு வருடம் 3,200 யூனிட் செலவானது. அத்தை பகல் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார், குளிர்காலத்தில் அவர் அறையில் ஹீட்டர் ஓடும். இப்போது சாதாரண வேரியபிள் டாரிஃபில் (ராத்திரி பகல் எல்லா நேரத்துக்கும் ஒரே விலை போடும் மின்கட்டணத் திட்டம்) இருக்கிறோம். மின்சாரக் கம்பெனிகளில் ஒருவர் ஆக்டோபஸ் என்கிறார், ஒருவர் ஓவோ என்கிறார், எதிர்வீட்டுக்காரர் எகானமி 7 போதும் என்கிறார். ராத்திரி மலிவு என்றால் பகலில் விலை ஏறும் என்பதால் அத்தையின் ஹீட்டரை நினைத்தால் பயமாக இருக்கிறது. கணவர் பாதி ராத்திரி வீட்டிலேயே இல்லாதபோது இதெல்லாம் எங்களுக்குச் சரிவருமா? ஸ்மார்ட் மீட்டர் இருக்கிறது, ஆனால் அதன் டிஸ்ப்ளே வேலை செய்யவில்லை.

பதில்: சரிவரும் சகோதரி. கணக்கோடு சொல்கிறேன்.

வீடுகளுக்குச் சார்ஜர் மாட்டுவதுதான் என் தொழில். வேலை முடிந்து டீ குடிக்கும்போது நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கம்பெனியில் ராத்திரி ரேட் ரொம்பக் குறைவு?" என்பதுதான். ஒரு கம்பெனி 7 பென்ஸ், இன்னொன்று 8 பென்ஸ் என்றால் 7 பென்ஸுக்கு ஓடுகிறார்கள். அந்த ஒரு பென்ஸ் உங்கள் காருக்கு வருடத்துக்கு 25 பவுண்டு கூட வராது. உங்கள் பில்லைத் தீர்மானிப்பது வேறு இரண்டு விஷயங்கள்: மலிவு நேரத்தில் கார் உங்கள் வாசலில் நிற்கிறதா, மீதி நேரத்துக்கு அந்தக் கம்பெனி என்ன விலை போடுகிறது. விளம்பரத்தில் ராத்திரி விலை பெரிய எழுத்தில் இருக்கும், பகல் விலையைத் தேடித்தான் எடுக்க வேண்டும். நீங்கள் கேட்காமலே பகல் விலையை யோசித்திருக்கிறீர்கள், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

கணக்குக்கு மூன்று எண்களை எடுத்துக்கொள்கிறேன். சாதாரண விலை யூனிட்டுக்கு 26 பென்ஸ் (மின்சாரம், கேஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அமைப்பான ஆஃப்ஜெம் வைக்கும் உச்சவரம்பு 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரை சராசரியாக 26.35 பென்ஸாக இருந்தது, இது மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாறும்). கார் டாரிஃப் ஒன்றில் ராத்திரி ஐந்து மணி நேரம் 8 பென்ஸ், மீதி நேரம் 29 பென்ஸ் என்று வைப்போம். இது எந்தக் கம்பெனியின் விலையும் அல்ல. உங்களுக்கு அவர்கள் கொடுக்கும் எண்களை இதே இடத்தில் போட்டுப் பாருங்கள், உங்கள் அஞ்சல் குறியீட்டைப் பொறுத்து விலை சற்று மாறும்.

9,000 மைலுக்கு, சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தைக் கணக்கில் கொண்டால், யூனிட்டுக்கு மூன்றரை மைல் என்று வைத்து ஏறத்தாழ 2,600 யூனிட் ஆகும். சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் வீணாவதும் இதில் அடக்கம். வீட்டுக்கு 3,200. மொத்தம் 5,800 யூனிட்டை 26 பென்ஸால் பெருக்கினால் 1,508 பவுண்டு. ஒன்றும் மாற்றாமல் இருந்தால் வருடத்துக்கு இதுதான் செலவு, ஸ்டாண்டிங் சார்ஜ் (மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் தினமும் கட்டும் தொகை) தனி.

இப்போது கார் டாரிஃபுக்கு மாறுகிறீர்கள். காரின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு ராத்திரியில் ஏறுகிறது, ஒரு பங்கு வேறு வழியில்லாமல் பகலில் ஏறுகிறது (ஏன் என்று பின்னால் சொல்கிறேன்). ராத்திரி 2,340 யூனிட்டுக்கு 187 பவுண்டு, பகல் 260 யூனிட்டுக்கு 75 பவுண்டு. வீட்டு மின்சாரத்தில் ஃப்ரிட்ஜ், வைஃபை என்று ஒரு பத்து சதவீதம் தானாகவே அந்த ஐந்து மணி நேரத்துக்குள் விழும்; அது 320 யூனிட், 26 பவுண்டு. மீதி 2,880 யூனிட் 29 பென்ஸ் விலையில் 835 பவுண்டு. கூட்டினால் 1,123. ஆக வருடம் 385 பவுண்டு மிச்சம். வீட்டில் யாரும் எந்தப் பழக்கத்தையும் மாற்றாமலே இது கிடைக்கிறது.

அத்தையின் ஹீட்டரையும் பார்த்துவிடுவோம். 2 கிலோவாட் ஹீட்டர் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், குளிர்காலத்தில் நான்கு மாதம் ஓடினால் 1,200 யூனிட். பகலில் கூடும் 3 பென்ஸால் அதற்கு ஆகும் கூடுதல் செலவு 36 பவுண்டு, மேலே சொன்ன 835-க்குள் அது ஏற்கெனவே வந்துவிட்டது. அதற்காக நீங்கள் பயப்பட வேண்டாம். எக்காரணம் கொண்டும் புது டாரிஃப் வந்துவிட்டது என்று வயதானவரைப் பகலில் குளிரில் உட்கார வைத்துவிடாதீர்கள், சொல்லாமல் கொள்ளாமல் ஹீட்டரை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் இருக்கும் பெரியவர்களை நான் வேலைக்குப் போகும் வீடுகளில் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு கேஸ் பாய்லர் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். கேஸ் யூனிட் 6 பென்ஸை ஒட்டித்தான் இருக்கிறது, மின்சாரம் அதைப்போல நான்கு மடங்கு. மற்ற அறைகளின் ரேடியேட்டர் வால்வைக் குறைத்துவிட்டு அத்தை அறையில் மட்டும் நன்றாகத் திறந்து வைத்தால் அறையும் சூடாகும், பில்லும் குறையும். டாரிஃப் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் இதை இந்தக் குளிருக்கே செய்து பாருங்கள்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் கார் டாரிஃப் யாருக்கு வேண்டாம் என்பதும் தெரிந்துவிடும். பகலில் 2,880 யூனிட்டுக்கு 3 பென்ஸ் கூடுதல் என்றால் 86 பவுண்டு நஷ்டம். காரில் ராத்திரி ஏற்றும் ஒவ்வொரு யூனிட்டிலும் 18 பென்ஸ் லாபம். 86 பவுண்டை ஈடுகட்ட 480 யூனிட் போதும், அதாவது 1,700 மைல். வருடத்துக்கு அதற்கும் குறைவாக ஓட்டுபவர், அல்லது ஆபீஸில் இலவசமாகச் சார்ஜ் போட்டுக்கொள்பவர், சாதாரண டாரிஃபிலேயே இருக்கலாம். நீங்கள் அந்தக் கோட்டை எப்போதோ தாண்டியவர்கள்.

இனி உங்கள் உண்மையான கேள்வி. கணவர் பாதி ராத்திரி வீட்டில் இல்லை என்கிறீர்கள். ஆனால் காருக்கு எத்தனை ராத்திரி வேண்டும் என்று எண்ணிப் பார்த்தீர்களா? வருடம் 9,000 மைல் என்றால் வாரத்துக்கு 173 மைல், 50 யூனிட். லீஃப் வீட்டுச் சார்ஜரிலிருந்து அதிகபட்சம் 6.6 கிலோவாட் எடுக்கும். ஐந்து மணி நேரத்தில் 33 யூனிட். வாரத்தில் இரண்டு ராத்திரி வாசலில் நின்றால் தேவை முடிந்தது, உங்களுக்கு நான்கு ராத்திரி இருக்கிறது. ஏழு ராத்திரியும் சொருகி வைக்க வேண்டும் என்ற எண்ணம் போனுக்குச் சார்ஜ் போட்டுப் பழகியதால் வந்தது, காருக்கு அது தேவையில்லை.

சிக்கல் எங்கே வரும் என்றால், மூன்று டூட்டியும் ஒட்டி வரும்போது. 44 மைல் வீதம் மூன்று தடவை, 132 மைல். வெயில் காலத்தில் லீஃப் 40 முழுச் சார்ஜில் அதை முடித்துவிடும். ஜனவரியில் ஹீட்டர் போட்டுக்கொண்டு மோட்டார்வேயில் போனால் 110 மைல் சுற்றிலேயே நின்றுவிடும். அதனால் குளிர்காலத்தில், இரண்டாவது டூட்டி முடித்துக் காலை ஒன்பது மணிக்கு வரும்போது, பேட்டரியில் 22 மைல் சுற்றில்தான் மிச்சம் இருக்கும், அன்று இரவு 44 மைல் போய் வர வேண்டும். அன்று பகல் அவர் தூங்கும்போது இரண்டு மணி நேரம் சொருகி 12 யூனிட் ஏற்றிவிடுங்கள். பகல் விலையில் மூன்றரை பவுண்டு. நான் பகலுக்கு என்று ஒதுக்கிய 260 யூனிட் இதுதான். குளிர்காலத்தில் இருபது வாரம் இப்படி ஏற்றினாலும் அதற்குள் அடங்கிவிடும். அந்த மூன்றரை பவுண்டைச் சேமிக்கிறேன் என்று டூட்டி முடிந்து களைத்து வருகிறவர் வழியில் ரேபிட் சார்ஜரில் நிறுத்தக் கூடாது. பொது இடத்து ரேபிட் சார்ஜரில் யூனிட் 70 பென்ஸைத் தாண்டுவது சாதாரணம், வீட்டு மின்சாரத்துக்கு 5 சதவீதம் இருக்கும் வாட் வரி அங்கே 20 சதவீதம். அதைவிட முக்கியம், பன்னிரண்டு மணி நேரம் வார்டில் நின்றவர் நேராக வீட்டுக்கு வந்து படுப்பது.

சரி, எந்த வகை டாரிஃப்? கம்பெனிப் பெயர்களை விட்டுவிட்டு வகையைப் பாருங்கள்.

முதல் வகை, நேரம் குறித்தது. குறிப்பிட்ட ராத்திரி நேரத்தில் வீடு முழுவதற்கும் மலிவு விலை. ஆக்டோபஸ் கோ இந்த வகை, நள்ளிரவு 12.30 முதல் 5.30 வரை. ஈ.டி.எஃப், பிரிட்டிஷ் கேஸ், ஈ.ஆன் என்று பெரிய கம்பெனிகள் எல்லாரிடமும் இதுபோல ஒன்று இருக்கிறது. நேரமும் விலையும்தான் வேறு வேறு. இதற்கு உங்கள் ஸ்மார்ட் மீட்டர் கம்பெனியோடு பேசினால், அதாவது அளவைத் தானாக அனுப்பினால் போதும். சார்ஜர் எந்தக் காலத்துச் சார்ஜராக இருந்தாலும் பரவாயில்லை.

இரண்டாவது வகை, எப்போது ஏற்றுவது என்பதைக் கம்பெனியே முடிவு செய்வது. காலை ஏழு மணிக்கு இத்தனை சதவீதம் வேண்டும் என்று நீங்கள் சொல்லிவிட்டுச் சொருகினால், காற்றாலை மின்சாரம் அதிகமாக இருக்கும் நேரம் பார்த்து அவர்கள் ஏற்றுவார்கள், அதற்குப் பதிலாக விலை கொஞ்சம் குறையும், நேரமும் கொஞ்சம் நீளும். இன்டெலிஜென்ட் ஆக்டோபஸ் கோ இப்படித்தான், இரவு 11.30 முதல் காலை 5.30 வரை வீடு முழுக்க மலிவு, அவர்கள் வேறு நேரத்தில் ஏற்றினாலும் காருக்கு மலிவு விலை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சார்ஜரோ காரோ ஏதாவது ஒன்று இன்டர்நெட் வழியாக அவர்களோடு பேச வேண்டும். உங்கள் சார்ஜருக்கு வைஃபையே இல்லை. காரும் பேசாது, ஏனென்றால் 2019 வரை தயாரான லீஃப் கார்களுக்கான ஆப் சேவையை நிசான் 2024 ஏப்ரலில் இங்கே நிறுத்திவிட்டது, அந்தக் கார்களில் இருப்பது 2ஜி சிம். ஆக இந்த வகைக்குப் போக வேண்டுமானால் புது ஸ்மார்ட் சார்ஜர் மாட்ட வேண்டும், மாட்டும் கூலியோடு ஆயிரம் பவுண்டு பக்கம் வரும். கிடைக்கும் கூடுதல் லாபம், ஒரு பென்ஸ் குறைவதால் 23 பவுண்டும், பகலில் ஏற்றும் 260 யூனிட்டும் மலிவு விலைக்கு வந்தால் 55 பவுண்டும். வருடம் 78 பவுண்டுக்காக ஆயிரம் பவுண்டு போட்டால் அது திரும்பி வர பன்னிரண்டு பதின்மூன்று வருடம் ஆகும். சார்ஜர் மாட்டுவதில்தான் என் வருமானம், இருந்தும் சொல்கிறேன், இப்போது வேண்டாம்.

மூன்றாவது வகை, வீட்டு விலையைத் தொடாமல் காருக்கு மட்டும் தனி விலை. ஓவோவின் சார்ஜ் எனிடைம் அப்படி வந்தது. நைட் டூட்டி பார்க்கிறவர்களுக்கு இதுதான் கேட்கவே இனிக்கும், கார் பகலில் நின்றாலும் மலிவு என்பதால். உங்களிடம் அதைச் சொன்னவர் அதை நினைத்துத்தான் சொல்லியிருப்பார். ஆனால் இங்கேயும் அதே நிபந்தனை, கார் எவ்வளவு எடுத்தது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமென்றால் காரோ சார்ஜரோ பேசியாக வேண்டும். என்றைக்காவது சார்ஜர் பழுதாகி மாற்றும் நிலை வந்தால் அன்று இதையும் இரண்டாவது வகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அரை மணிக்கு ஒரு முறை விலை மாறும் அஜைல் போன்ற டாரிஃபும் இருக்கிறது. மாலை 4 முதல் 7 வரை விலை எகிறும், அந்த நேரத்தில்தான் உங்கள் வீட்டில் அடுப்பு எரியும், கணவர் டூட்டிக்குக் கிளம்புவார். உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம்.

எதிர்வீட்டுக்காரர் சொன்ன எகானமி 7 என்பது 1978-இல் வந்தது. ராத்திரியிலும் நிறுத்தாமல் ஓடிய மின் நிலையங்களின் மின்சாரத்தை எடுத்து, ஸ்டோரேஜ் ஹீட்டருக்குள் இருக்கும் கற்களைச் சூடாக்கி வைத்துப் பகலில் குளிர்காய்வதற்காக வந்த ஏற்பாடு. ஏழு மணி நேரம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அதன் ராத்திரி விலை பொதுவாக இன்றைய கார் டாரிஃபை விட நன்றாகவே கூடுதலாக இருக்கும். உங்கள் லீஃபுக்கு ஐந்து மணி நேரமே தாராளம் என்னும்போது மேலே இரண்டு மணி நேரத்துக்காக ஏன் அதிக விலை கொடுக்க வேண்டும்? பழைய எகானமி 7 மீட்டர்கள் பலவற்றில் கடிகாரம் கோடைக்கால நேரத்துக்கு மாறுவதில்லை, 12.30 என்று எழுதியிருந்தால் ஜூன் மாதத்தில் அது 1.30. ஸ்டோரேஜ் ஹீட்டர் உள்ள வீட்டில் இருப்பவர் அதை வைத்துக்கொள்ளலாம், எதிர்வீட்டுக்காரர் வீட்டில் அந்த ஹீட்டர் இருக்கவும் கூடும். அவருக்குப் பொருந்துவது உங்களுக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

ஆக என் முடிவு, முதல் வகை. ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ கொடுக்கும் டாரிஃப்களில், ராத்திரி விலையில் ஒன்றிரண்டு பென்ஸ் வித்தியாசத்தை விட்டுவிட்டு, பகல் விலை எது குறைவோ அதை எடுங்கள். உங்கள் வீட்டில் பகலில் ஆள் இருக்கிறார், பகல் யூனிட்தான் அதிகம்: பகல் விலையில் ஒரு பென்ஸ் கூடினால் வருடத்துக்கு 31 பவுண்டு போகும், ராத்திரி விலையில் ஒரு பென்ஸ் கூடினால் 27 தான். ஸ்டாண்டிங் சார்ஜையும் பாருங்கள், ஒரு நாளைக்கு 5 பென்ஸ் கூடுதல் என்றால் வருடத்துக்கு 18 பவுண்டு. பன்னிரண்டு மாத ஃபிக்ஸ்டு டாரிஃபாக இருந்தால் இடையில் வெளியேறக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். ஒப்பந்தம் முடிய 49 நாள் இருக்கும்போது மாறினால் அந்தக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. சேர்ந்த பிறகு மனம் மாறினாலும் 14 நாள் அவகாசம் இருக்கிறது.

மாறுவதற்கு முன்னால் மீட்டரைக் கவனியுங்கள். டிஸ்ப்ளே வேலை செய்யவில்லை என்றால் மீட்டர் பழுது என்று அர்த்தமில்லை. டிஸ்ப்ளே நமக்கு எண்ணைக் காட்டும் ஒரு கருவி மட்டும்தான், அதைக் குப்பையில் போட்டாலும் மீட்டர் தன் வேலையைச் செய்யும். பார்க்க வேண்டியது உங்கள் இப்போதைய கம்பெனியின் ஆப். அதில் நேற்றைய செலவு அரை மணி வாரியாக வரைபடத்தில் கட்டைகளாகத் தெரிகிறதா? தெரிந்தால் மீட்டர் பேசுகிறது, கவலையில்லை. மாதத்துக்கு ஒரே எண் மட்டும் வந்தால், அரை மணிக் கணக்கை எடுக்க அனுமதி கொடுக்காமல் இருக்கலாம், அக்கவுண்ட் செட்டிங்கில் அதை மாற்றிவிடலாம். எதுவுமே வரவில்லை என்றால் முதலில் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள். முதல் தலைமுறை ஸ்மார்ட் மீட்டர்களில் பல, கம்பெனி மாறியதும் பேசுவதை நிறுத்தியவை. பேசாத மீட்டரோடு கார் டாரிஃபுக்கு விண்ணப்பித்தால் பல வாரம் இழுக்கும், அதுவரை சாதாரண விலையில்தான் ஓடும்.

அப்புறம் டைமர். இதில்தான் பணம் கோட்டை விடப்படுகிறது. லண்டன் ஹாரோவில் ஒரு வீட்டுக்காரர் கார் டாரிஃபுக்கு மாறியும் பில் குறையவில்லை, கம்பெனி ஏமாற்றுகிறது என்று கோபமாகக் கூப்பிட்டார். ஹாலில் உட்கார்ந்து அவர் போனில் ஆப்பைத் திறந்து அரை மணிக் கட்டைகளைப் பார்த்தோம். ராத்திரி ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் தரையோடு தரையாக ஒன்றுமில்லை, மாலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை ஐந்து கட்டைகள் கோபுரம்போல் நின்றன. வேலை முடிந்து வந்து சொருகுகிறார், அது உடனே ஏற ஆரம்பித்துவிடுகிறது, காலையில் பார்த்தால் காரில் சார்ஜ் நிறைந்திருக்கிறது, அதனால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. டாரிஃபை மாற்றியவர் நேரத்தை மாற்றவில்லை.

உங்கள் சார்ஜருக்கு மூளை கிடையாது என்பதால் டைமரைக் காரில்தான் வைக்க வேண்டும், ஆப் போனாலும் அந்த வசதி லீஃபின் உள்ளேயே இருக்கிறது. தொடங்கும் நேரம், முடியும் நேரம் இரண்டையும் போடுங்கள். மலிவு நேரம் 12.30-க்குத் தொடங்கினால் 12.35 என்று போடுங்கள், காரின் கடிகாரம் ஒன்றிரண்டு நிமிடம் முந்தி ஓடலாம். அக்டோபர், மார்ச் கடைசி ஞாயிறுகளில் நேரம் மாறும்போது கார் கடிகாரமும் மாறியதா என்று ஒரு பார்வை பாருங்கள். பகலில் ஏற்ற வேண்டிய அன்றைக்கு டைமரைக் கலைக்க வேண்டாம், டைமரை மீறி உடனே ஏற்றுவதற்குக் காரில் தனி பட்டன் இருக்கிறது. அதை அழுத்திச் சொருகினால் போதும். என்றைக்காவது ஸ்மார்ட் சார்ஜர் மாட்டினால் காரில் உள்ள டைமரை எடுத்துவிடுங்கள். இரண்டிலும் டைமர் இருந்தால் ஒன்று திறக்கும் நேரத்தில் மற்றது மூடியிருக்கும், காலையில் கார் காலியாக நிற்கும், டூட்டிக்குப் போக வேண்டிய வீட்டில் அது நடக்கக் கூடாது.

மாறிய முதல் வாரம் மட்டும் தினமும் காலையில் ஆப்பைத் திறந்து கட்டை எந்த நேரத்தில் நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள். சரியான இடத்தில் நின்றால் அப்புறம் மறந்துவிடலாம்.

வாஷிங் மெஷினையும் டிஷ்வாஷரையும் ராத்திரிக்கு மாற்றலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வருடத்துக்கு 400 யூனிட் மாற்ற முடிந்தால் 84 பவுண்டு மிச்சம், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் எல்லாரும் தூங்கும்போது இவற்றை ஓடவிடாதீர்கள் என்றுதான் லண்டன் தீயணைப்புத் துறை சொல்கிறது, நானும் அதையே சொல்வேன், டம்பிள் டிரையரை நினைத்தும் பார்க்க வேண்டாம். வயதானவர் தூங்கும் வீடு உங்களுடையது. டூட்டி இல்லாத ராத்திரிகளில் கணவருக்குத் தூக்கம் வராமல் ஒரு மணிவரை விழித்திருக்கும் பழக்கம் இருந்தால், நைட் டூட்டிக்காரர்கள் பலருக்கு இருக்கும், அவர் கண் எதிரில் ஒரு சுற்று ஓடட்டும். இல்லையென்றால் அந்த 84 பவுண்டை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனமில்லை. அந்தச் சார்ஜர் உங்களுக்கு முன்பு இருந்தவர் மாட்டியது. யார் மாட்டினார், எப்படி மாட்டினார் என்று உங்களுக்குத் தெரியாது, இனி அது ராத்திரி ஐந்து மணி நேரம் முழு லோடில் 30 ஆம்பியருக்குக் கிட்ட இழுத்துக்கொண்டு நிற்கப் போகிறது. வீடு வாங்கியபோது கிடைத்த பேப்பர்களில் சார்ஜருக்கான எலக்ட்ரிக்கல் சர்டிஃபிகேட் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்: ஃபியூஸ் போர்டில் சார்ஜருக்குத் தனி ஆர்.சி.டி. (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் கருவி) இருக்கிறதா, அது இந்த வேலைக்கு ஏற்ற வகையா. தெருவிலிருந்து வரும் நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பில் கரண்ட் பாயாமல் துண்டிக்கும் பாதுகாப்பு இருக்கிறதா. வயர் முனைகள் இறுக்கமாக இருக்கின்றனவா. தளர்ந்த ஒரு ஸ்க்ரூ போதும், முனையில் பிளாஸ்டிக் பழுப்பாகி உருகிப்போயிருக்கும், வெளியே சார்ஜர் பளபளவென்றுதான் இருக்கும். சார்ஜ் ஓடி முடிந்த காலையில் ஃபியூஸ் போர்டின் மூடிமேல் கையை வைத்துப் பாருங்கள், லேசான சூடு இருக்கலாம், கையை எடுக்கும்படி சுட்டாலோ கருகிய வாசனை வந்தாலோ அன்றே சார்ஜரை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். இந்தச் சோதனை முடியும்வரை டாரிஃப் மாற்றுவதைத் தள்ளிப் போட்டாலும் நான் தப்பென்று சொல்ல மாட்டேன்.

சோலார் பேனல், வீட்டு பேட்டரி பற்றியெல்லாம் இப்போது யோசிக்க வேண்டாம். இந்த டாரிஃபில் ஒரு குளிர்காலம் ஓட்டிவிட்டு ஏப்ரலில் அரை மணிக் கணக்கை டவுன்லோட் செய்து அனுப்புங்கள், பகலில் உண்மையில் எவ்வளவு போகிறது என்று தெரிந்த பிறகு அதைப் பேசுவோம். அத்தைக்கு என் வணக்கம்.